வலிக்காத கட்டியும் வலிக்கும் கட்டியும்

உங்களுக்கு வயது 36, இரண்டு பிள்ளைகள், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வீடு. குளிக்கும்போது வலது மார்பின் மேல்புறத்தில், அக்குளை ஒட்டிய பகுதியில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதாகவும், அதில் வலியே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயில் சூட்டுக்கு வந்தது, தானாகக் கரைந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று மதினி சொல்கிறார். பெண்களுக்கு மார்பில் கட்டி வர என்னென்ன காரணங்கள், உங்களுக்கு வந்திருப்பது எது என்பது உங்கள் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குக் கடிதத்தின் வழியாகப் பதில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. முதல் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன். தாமிரபரணிக் கரையோர ஊர்களிலிருந்து வரும் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அறுவை மருத்துவர் நான். மார்பில் கட்டி என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது புற்றுநோய் அல்ல. பத்துப் பேர் வந்தால் எட்டு ஒன்பது பேர் நிம்மதியாகத் திரும்பிப் போகிறார்கள். அந்த எட்டு ஒன்பது பேரில் நீங்களும் ஒருவர் என்பதை உங்கள் விரலோ, மாமியாரின் அனுபவமோ, என் விரலோகூடத் தனியாகச் சொல்லிவிட முடியாது. பரிசோதனைதான் சொல்ல வேண்டும். வலி இல்லை என்பதை ஓர் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்ததும் அதே வரிதான்.

"வலிக்கலையே டாக்டர், அதான் சும்மா இருந்துட்டேன்" என்ற சொல்லை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை இன்றும் நினைத்துக்கொள்வேன். நாளெல்லாம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர். கட்டியைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் வேலையை விட்டால் பீடிக் கடையில் எண்ணிக்கை குறையும், வாரக் கூலி குறையும். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கேன்லா, எனக்கு எப்படி வரும் என்று கேட்டார். அவருக்கு வந்திருந்தது புற்றுநோய்தான். தாய்ப்பால் கொடுப்பது அந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. மொத்தமாக 12 மாதம் பால் கொடுத்தால் வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் வாய்ப்பு குறைகிறது என்பதற்கும் வரவே வராது என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் அந்த எட்டு மாதமும் போயிற்று. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. மார்பில் வலியோடு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது தீங்கற்ற மாற்றம். வலிக்கிற பல்லுக்கும் வலிக்கிற முழங்காலுக்கும் ஓடிவருகிற நாம், மார்பகக் கட்டிக்கு வலியை அளவுகோலாகக் கொள்ளவே கூடாது.

இனிக் காரணங்களுக்கு வருகிறேன். மார்பகம் என்பது பால் சுரக்கும் சுரப்பிகளும், அவற்றிலிருந்து காம்பு வரை ஓடும் குழாய்களும், இவற்றைத் தாங்கும் நார்த்திசுவும், இடையிடையே நிரம்பியிருக்கும் கொழுப்பும் சேர்ந்த ஓர் உறுப்பு. கட்டி இவற்றில் எதிலிருந்தும் எழலாம். அதோடு இந்த உறுப்பு மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்ப நனைந்து உலரும் வயல்போல மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வந்த கட்டி எதுவாக இருக்கும் என்று யோசிக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது வயது, அடுத்துக் கேட்பது மாதவிலக்கு எப்போது வந்தது என்பது.

பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் மிகுதியாகக் காணப்படுவது நார்ச்சுரப்பிக் கட்டி. மருத்துவர்கள் ஃபைப்ரோஅடினோமா என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். கோலிக்குண்டைப் போல உருண்டையாக, வழுவழுப்பாக, ரப்பரின் கெட்டியோடு இருக்கும். விரலால் தொட்டால் ஓரிடத்தில் நிற்காமல் நழுவி ஓடும்; எலி ஓடுவதைப் போல என்று அறுவை மருத்துவத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வலிக்காது, ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும், ஒன்றுக்கு மேற்பட்டும் வரலாம். இது புற்றுநோய் அல்ல. ஊசிப் பரிசோதனையில் உறுதியாகி, வளராமல் இருந்தால் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டால் போதும். சில தானாகவே சுருங்கிவிடும். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, அதை நினைத்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வராமல் போனாலோ எடுத்துவிடலாம்.

கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைக்கு இந்தக் கட்டி வந்துவிட்டால் வீட்டில் ஏற்படும் கலக்கத்தை நான் அறிவேன். தாய் மட்டும் தனியாக வந்து, மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, தழும்பு தெரியுமா, பிறகு பால் கொடுக்க முடியுமா, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்பார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தை ஒட்டிக் கீறி எடுக்கும்போது தழும்பு அந்த நிறத்தோடு கலந்துவிடுகிறது. பெரும்பாலும் பால் கொடுப்பதற்குத் தடை வருவதில்லை, திருமண வாழ்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மகளையே உள்ளே அழைத்து, அவளிடமே இதைச் சொல்வதுதான் முறை என்பது என் கருத்து, உடம்பு அவளுடையது.

நார்ச்சுரப்பிக் கட்டியைப் போலவே தோன்றி, சில மாதங்களிலேயே மளமளவென்று பெரிதாகும் ஒன்று உண்டு. பில்லாய்ட்ஸ் கட்டி என்பார்கள். பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதில் வரும். இவற்றில் பெரும்பகுதி தீங்கற்றவை, சிறுபகுதி புற்றுநோய்த் தன்மை உடையவை. கட்டியைச் சுற்றி நல்ல திசுவையும் ஓரளவு சேர்த்து எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பி வரும் என்பதால், எடுப்பதற்கு முன்பே இன்னது என்று தெரிந்துகொள்வது இதில் மிக முக்கியம்.

முப்பதிலிருந்து ஐம்பது வரை, அதாவது உங்கள் வயதில், மிகுதியாகப் பார்ப்பது நார்நீர்க்கட்டி மாற்றம். இதை நோய் என்று சொல்வதே சரியல்ல. ஹார்மோனின் மாதாந்தர ஏற்ற இறக்கத்துக்கு மார்பகம் காட்டும் எதிர்வினை. மாதவிலக்குக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்து மார்பு கனக்கும், வலிக்கும், தொட்டால் புளியங்கொட்டைகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு அமுக்கிப் பார்ப்பதுபோலத் திட்டுத்திட்டாக இருக்கும். விலக்கு வந்த பிறகு இளகிவிடும். அக்குளை ஒட்டிய மேல்பகுதியில்தான் இது அதிகம், ஏனென்றால் சுரப்பித் திசு அங்கேதான் அதிகம். புற்றுநோயும் அதே பகுதியில்தான் அதிகம் வருகிறது, அதே காரணத்துக்காக. ஆகவே இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. இரண்டு பக்கமும் இருக்கிறதா, மாதத்தோடு ஏறி இறங்குகிறதா என்பதே பயன்தரும் கேள்வி. விலக்கு முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரு கட்டி மட்டும் அப்படியே தனித்து நின்றால் அதைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

இதே வயதில் வரும் நீர்க்கட்டி, பால்குழாயின் நுனிச் சுரப்பிகளில் நீர் தேங்கி உண்டாவது. சில நாட்களிலேயே திடீரென்று தோன்றுவதாலும், இறுகிப் போய்க் கல்போல இருப்பதாலும் மிகவும் பயமுறுத்தும். ஆனால் ஸ்கேன் செய்தவுடன் உள்ளே இருப்பது நீரா சதையா என்பது தெரிந்துவிடும். வெறும் நீராக இருந்து தொந்தரவும் இல்லையென்றால் அப்படியே விடலாம். வலித்தால் ஊசியால் உறிஞ்சிவிடலாம், அந்த மேசையில் படுத்திருக்கும்போதே கட்டி காணாமல் போவதைப் பார்த்துச் சிரிக்கவும் அழவும் செய்த பெண்கள் உண்டு. உறிஞ்சிய நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ, உறிஞ்சிய பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ, நீர்க்கட்டியின் சுவரில் சதை வளர்ந்திருந்தாலோ மட்டும் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

பச்சை உடம்புக்காரிகளைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டால் மார்பு இறுகி, சிவந்து, காய்ச்சலும் குளிரும் வரும். உடனே பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிச்சிப் பூவை வைத்துக் கட்டுவதும் சூட்டுத் துணியால் அழுத்தித் தேய்ப்பதும் நடக்கிறது. பூவை வைத்துக் கட்டுவது பால் சுரப்பைக் குறைக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வைத்தியம். குழந்தை குடித்துக்கொண்டிருக்கும் மார்புக்கு அது தேவையில்லை. குழந்தையை அந்தப் பக்கமும் குடிக்க விட வேண்டும், குடிக்காவிட்டால் மெதுவாகப் பீய்ச்சி எடுக்க வேண்டும். தாய்க்கு வந்த தொற்றால் குழந்தைக்குத் தீங்கில்லை. ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஆன்டிபயாடிக் வேண்டும். தாமதித்தால் உள்ளே சீழ் கட்டிவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி, காம்பில் ஏற்பட்ட வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. சீழை இப்போது பல நேரங்களில் கீறாமல், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் எடுத்துவிட முடிகிறது. காய்ச்சலும் வலியும் இல்லாமல் பால் மட்டும் ஒரு குழாயில் தேங்கி உருண்டையாக நிற்பதும் உண்டு. அது பால்கட்டி, ஊசியில் உறிஞ்சினால் பாலாகவே வரும்.

ஆனால் பால் கொடுக்கும் பெண் என்பதற்காக எல்லாக் கட்டியையும் பால் கட்டு என்று எழுதி அனுப்பிவிடுவது எங்கள் தரப்பில் நடக்கும் தவறு. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் புற்றுநோய் வருவது அரிது, ஆனால் வருகிறது. அப்போது அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. சிவந்து வீங்கிய மார்பு இரண்டு வார மருந்துக்குப் பிறகும் அடங்காவிட்டால் சதைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், ஏனெனில் அழற்சிப் புற்றுநோய் என்றொரு வகை சீழ்க்கட்டியைப் போலவே வேடமிட்டு வரும். கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனாலோ ஊசிப் பரிசோதனையாலோ வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பிறந்த குழந்தையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாயின் ஹார்மோன் தங்கியிருப்பதால் ஆணோ பெண்ணோ பச்சைக் குழந்தையின் மார்பு சில நாட்கள் வீங்கி, துளிப் பாலும் கசியும். குளிப்பாட்டும் பாட்டிமார் அதைப் பிதுக்கி எடுப்பது பல வீடுகளில் வழக்கம். தயவுசெய்து பிதுக்காதீர்கள், தானாக வற்றிவிடும், பிதுக்கினால் சீழ் பிடிக்கும். அதே போல எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் பெண் பிள்ளைக்கு ஒரு பக்கக் காம்புக்கு அடியில் மட்டும் தட்டையான, தொட்டால் வலிக்கும் கட்டி வந்தால், அது பூப்பின் தொடக்கம். ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், மற்றது சில மாதங்களில் வந்து சேரும். அதைக் கட்டி என்று நினைத்து அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்க மார்பகம் வளரவே வளராது.

காசநோய் மார்பகத்திலும் வரும். நம் நாட்டில் காசநோய் இருக்கும் அளவுக்கு இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வலி அதிகமில்லாத கட்டி, பிறகு புரையோடி நீர் கசியும் துளை, அக்குளில் நெறி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்று வரும். ஏறக்குறைய இதே தோற்றத்தோடு இளந்தாய்மாருக்கு, பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள், இன்னொரு அழற்சி வருகிறது. கிரானுலோமாட்டஸ் மாஸ்டைடிஸ் என்பார்கள், காரணம் தெளிவாகக் கண்டறியப்படவில்லை. முன்னதற்குக் குறைந்தது ஆறு மாதம் காசநோய் மருந்து, அது அரசு மருத்துவமனையில் இலவசம். பின்னதற்குச் சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும், சிலருக்குக் காத்திருந்தாலே ஆறிவிடும். காசநோயைப் பின்னதாக நினைத்து வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவும். ஆகவே இந்த இரண்டிலும் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் ஒரு துண்டை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடிபட்டு வரும் கட்டி ஒன்று உண்டு. பால் கறக்கும்போது மாடு முட்டியிருக்கும், கூட்டமான பஸ்ஸில் பிரேக் போட்டபோது கம்பியில் மோதியிருக்கும், மடியில் துள்ளிய பிள்ளையின் தலை இடித்திருக்கும். உள்ளே கொழுப்பு நசுங்கிச் செத்து, சில வாரங்களில் கெட்டியான கட்டியாகி, மேல்தோலையும் உள்ளே இழுக்கும். கையால் பார்த்தாலும், மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் பார்த்தாலும் சில சமயம் புற்றுநோயைப் போலவே இருக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், புற்றுநோய் வந்த பெண்ணும் என்றோ பட்ட அடியை நினைவுபடுத்திக்கொண்டு, அதனால்தான் வந்தது என்று சமாதானம் அடைந்துவிடுகிறார். அடியால் புற்றுநோய் வருவதில்லை. அடி பட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்தது கைக்குத் தெரிகிறது. அதனால் அடிபட்டதாகச் சொன்னாலும் பரிசோதனையை விட்டுவிடுவதில்லை.

கொழுப்புக் கட்டி, தோலில் வரும் மெழுகுக் கட்டி ஆகியவை உடம்பில் வேறெங்கும் வருவதுபோல இங்கும் வருகின்றன. அவற்றில் சொல்ல அதிகமில்லை. அக்குளில் மாதத்துக்கு ஒரு முறையோ கர்ப்பத்தின்போதோ வீங்கும் மெத்தென்ற திரட்சி பெரும்பாலும் அங்கே மிஞ்சிப்போன மார்பகத் திசு. காம்பை அமுக்காமலே, ஒரே பக்கத்தில், ஒரே துளையிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ கசிந்தால் அது பால்குழாய்க்குள் முளைத்த சிறு பாப்பிலோமாவாக இருக்கலாம்; பெரும்பாலும் தீங்கற்றதே, ஆனால் கட்டி தட்டுப்படாவிட்டாலும் பார்க்கப்பட வேண்டியது. ஒரு காம்பில் மட்டும் சொறியும் புண்ணும் வந்து, களிம்புக்கு ஆறாமல் இருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் புற்றுநோய். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக ஏறக்குறைய 1,78,000 பேருக்கு வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்குச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வருகிறது. முப்பதுகளில் வருபவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாக ஒரு கட்டி தோன்றினால், வேறெதுவும் நிரூபிக்கப்படும் வரை அதைப் புற்றுநோய் என்று கருதியே நாங்கள் ஆராய்வோம். கல்போன்ற கெட்டி, ஒழுங்கற்ற ஓரம், நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது, தோலில் குழி விழுவது, முன்பு வெளியே இருந்த காம்பு உள்ளே இழுக்கப்படுவது, தோல் தடித்து நாரத்தங்காய்த் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அவற்றில் பல முற்றிய நிலையின் அடையாளங்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. தொடக்கத்தில் அது வழுவழுப்பாக, நகர்வதாக, கோலிக்குண்டைப் போலவே இருக்கலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பதும் ஆறுதலாகாது; பரம்பரை மரபணுவால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான், நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்னோடி யாரும் இல்லை.

இத்தனை காரணங்களையும் பிரித்தறிய நாங்கள் கையாள்வது மூன்று சோதனைகளும் ஒத்துப்போகும் முறை. ஒன்று மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது. இரண்டாவது படம்: நாற்பது வயதுக்குக் கீழே பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதற்கு மேலே மேமோகிராமும் ஸ்கேனும். இளவயது மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் வெண்மைக்குள் வெண்மையாகக் கட்டி மறைந்துவிடும். மூன்றாவது ஊசி. ஸ்கேன் அறிக்கையின் அடியில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அது நோயின் கட்டத்தைக் குறிக்கும் எண் அல்ல, சந்தேகத்தின் அளவு. 2 என்றால் தீங்கற்றது, 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்த்தால் போதும். 4, 5 என்றால் சதை எடுத்தே ஆக வேண்டும். 4 என்ற எண்ணைப் பார்த்து நான்காம் கட்டப் புற்றுநோய் என்று எண்ணி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசியில் இருந்தது வெறும் நார்ச்சுரப்பிக் கட்டி.

உங்கள் மதினி பயப்படும் ஊசியைப் பற்றி. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவது ஒரு வகை, அதை எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். இப்போது நாங்கள் பெரிதும் விரும்புவது சற்றுத் தடித்த ஊசியால் சதையை இழையாக எடுக்கும் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் கட்டியைப் பார்த்தபடியே எடுப்போம். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் திடுக்கிடுவதில்லை. எடுத்த இழை பென்சிலின் உள்ளிருக்கும் கரிக்குச்சியின் பருமன்தான் இருக்கும். அதை, சதை கெடாமல் காக்கும் பார்மலின் திரவம் உள்ள குப்பியில் போட்டதும் கெட்டியான திசுவாக இருந்தால் அடியில் இறங்கும், வெறும் கொழுப்பாக இருந்தால் மிதக்கும். மிதந்தால் இன்னொரு முறை எடுப்போம். அரை மணி நேரத்தில் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஊசி குத்தினாலோ கத்தி பட்டாலோ பரவும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நோய் முற்றிய பிறகே வந்து, அறுவை செய்துகொண்டு, சில மாதங்களில் இறந்துபோனவர்களை ஊர் பார்த்திருக்கிறது. கத்தி பட்டதும் பரவிவிட்டது என்று சொல்லிக்கொண்டது. உண்மையில் வருவதற்கு முன்பே பரவியிருந்தது. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டதால் பெண்களின் ஆயுள் குறைவதில்லை என்பது உலகெங்கும் நீண்டகால அனுபவத்தில் தெளிவாகியிருக்கிறது. பச்சிலை வைத்துக் கட்டிப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களின் நிலைதான் என் மனதைப் பிசையும். அந்தப் புண்ணால் நல்ல வாய்ப்பு ஒன்று கைவிட்டுப் போயிருக்கும். சிறியதாக இருக்கும்போது வந்தால் மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்து கதிர்வீச்சு கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முழுவதும் எடுப்பதற்கு நிகராகவே இருக்கிறது என்று 20 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002-இல் உறுதிசெய்தன. தொடக்க நிலையில் கண்டறிந்து முழுச் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

எங்கே போவது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை நடக்கிறது. பார்ப்பவர் பெரும்பாலும் பெண் செவிலியர், ஆகவே கூச்சம் வேண்டாம். நர்சு தொட்டு என்ன தெரிந்துவிடும் என்று அதை இளக்காரமாக எண்ணாதீர்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே பார்த்துவந்தார்கள். அப்பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்த நோயால் வரும் இறப்பு முப்பது சதவீத அளவுக்குக் குறைந்தது. ஆனால் உங்களுக்குக் கட்டி ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் அங்கே காத்திருக்க வேண்டாம். சீட்டு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின், அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு நேராகப் போய்விடலாம். ஆண் மருத்துவர் பார்த்தால், பக்கத்தில் ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. அந்த அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பரிசோதனைக்கு அது தடையாகாது.

உங்கள் விலக்கு நாள் இந்த வாரத்தில் இருந்தால் அது முடிந்து நான்கைந்து நாள் கழித்துப் போனால் தொட்டுப் பார்ப்பதற்கு எளிது. அதற்கு மேல் தள்ள வேண்டாம், இன்னொரு மாதம் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். அதுவரை கட்டியைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள், எதையும் பூசாதீர்கள், கட்டாதீர்கள்.

ஒருவேளை எடுத்துவிடலாம் என்று எங்கேனும் முடிவானால் இரண்டு காரியங்களில் கண்டிப்பாக இருங்கள். ஊசிப் பரிசோதனை செய்யாமல் நேரே கட்டியை அறுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடாதீர்கள். சிறிய இடமொன்றில் கொழுப்புக் கட்டி என்று எடுத்துத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒன்றரை ஆண்டு கழித்து அதே இடத்தில் புற்றுநோயோடு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு, முதலில் எடுத்தது என்ன என்று சொல்ல என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை. சில இடங்களில் குப்பியை உங்கள் வீட்டாரிடமே கொடுத்து லேப்புக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அதில் இருப்பது பார்மலினா என்று கேட்டு, கட்டி முழுவதும் அதில் நன்றாக மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரிலோ உப்பு நீரிலோ போட்டுக் கொடுத்தால் நம் ஊர் வெயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் சதை அழுகத் தொடங்கிவிடும், பிறகு எவ்வளவு தேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவராலும் அதைப் படிக்க முடியாது. குப்பியின் மேல் உங்கள் பெயரும், வலது மார்பு என்பதும், தேதியும் எழுதியிருக்க வேண்டும். முடிவு வந்ததும் அசல் தாளை நீங்கள் வைத்துக்கொண்டு நகலை மருத்துவரிடம் கொடுங்கள். தொட்டுப் பார்த்ததும், ஸ்கேனும், ஊசியும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று அவரிடம் கேளுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் மாறிச் சொன்னாலும் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.